கசெற்றின் இரண்டாம் பக்கம்

அன்புள்ள ஐயா,

2019 டிசம்பரில் மும்பைக்குப் போய் அயர்லாந்து ரொக் இசைக்குழுவான யூ2வின் நிகழ்ச்சியைப் பார்த்ததாகச் சென்ற மாதக் கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். 32 ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த அல்பமொன்றை முதற்பாடல் தொடக்கம் கடைசிப் பாடல் வரை அதே வரிசையில் வாசிப்பதைக் கேட்க விமானம் ஏறிப் போகத்தான் வேண்டுமா? அடுத்தது எந்தப் பாடல் என்று எல்லோருக்கும் தெரிந்த நிகழ்ச்சியில் எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது? பாடகரின் குரலும் முன்போல் இல்லை என்கிறார்கள். இப்போது என் அப்பாவும், தன் இளவயதில் கேட்ட உள்ளூர்க் குழு ஒன்று தனது பழைய கசெற்றை முழுமையாக வாசிக்கப்போவதாகச் சொல்லி என்னையும் கூப்பிடுகிறார். வயதானவர்களின் நினைவுகளைக் காசாக்கும் வேலையாகவே எனக்கு இது படுகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

காசாக்கும் வேலை என்பதை நான் மறுக்கப்போவதில்லை. ரிக்கெற், விமானச் சீட்டு, இரண்டு இரவு தங்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த என் மனைவி, அந்தக் காசுக்கு வீட்டுக் கூரையைத் திருத்தியிருக்கலாம் என்றார்; அவர் சொன்னதில் பிழையில்லை, அடுத்த மழைக்கே கூரை ஒழுகியது. ஆனால் உங்கள் கேள்வி காசைப் பற்றியது மட்டுமல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அல்பம், 1987 மார்ச் 9ஆம் திகதி வெளிவந்த 'தி ஜோசுவா ட்ரீ', அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் என் கைக்கு வந்தது, அதுவும் இசைத்தட்டாக அல்ல. வெற்றுக் கசெற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கேட்ட பாடல்களைப் பதிந்து தரும் கடை ஒன்று வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்தது. நான் கொடுத்தது 60 நிமிடக் கசெற். அந்த அல்பத்தின் முதற்பக்கம் ஏறக்குறைய 24 நிமிடம், இரண்டாம் பக்கம் 26 நிமிடம். மீதி நாடாவை வெறுமையாக விடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தாரோ என்னவோ, கடைக்காரர் முதற்பக்கத்தின் முடிவில் ஒரு பைலாப் பாட்டையும், இரண்டாம் பக்கத்தின் முடிவில் பாதியில் அறுந்துபோகும் ஒரு தமிழ்ச் சினிமாப் பாட்டையும் பதிந்து தந்திருந்தார். அந்த அல்பத்தை நான் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். 32 ஆண்டுகள் கழித்து, நவி மும்பையின் டி. வை. பாட்டீல் அரங்கில் ஐந்தாவது பாடலின் முடிவில் ஹார்மோனிக்கா ஓய்ந்தபோது, சுற்றிலும் பல்லாயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருக்க, என் காது மட்டும் பைலாவுக்குத் தயாராகி நின்றது.

அடுத்தது என்ன என்று தெரிந்திருப்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். மட்டக்களப்பில் விடிய விடியக் கூத்துப் பார்க்க உட்காரும் எவரும் அபிமன்யு தப்புவானா என்று அறிந்துகொள்ள உட்காருவதில்லை. கதை தெரிந்தவருக்குத்தான் இன்றைக்கு ஆடுகிறவர் அந்த இடத்தை எப்படித் தூக்கி நிறுத்துகிறார் என்று பார்க்கும் பொறுமை வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழமையான நிகழ்ச்சியில் எல்லோருக்கும் பிடித்த பாடல்களைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, அதுவரை சனத்தை இருத்திவைப்பார்கள். இந்த அல்பத்திலோ மிகப் புகழ்பெற்ற மூன்று பாடல்களும் முதல் மூன்று இடங்களில் இருக்கின்றன. வரிசை மாறாமல் வாசித்தால் கால் மணித்தியாலத்தில் அவை முடிந்துவிடும். எஞ்சுவன எட்டுப் பாடல்கள், அவற்றிற் பல வானொலிப் பக்கமே அதிகம் போகாதவை. அவற்றை வைத்துக்கொண்டு ஓர் அரங்கை முழுதாகக் கட்டிப்போடவேண்டும் என்பது குழுவினர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட நிபந்தனை. எல்லா இடத்திலும் அவர்கள் அதில் வென்றார்கள் என்று சொல்லமாட்டேன். எட்டாம் பாடலின்போது எனக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் கூட்டமாக எழுந்து தின்பண்டம் வாங்கப் போனார்கள். எனக்கும் போகத் தோன்றியது.

குரலைப் பற்றிச் சொன்னீர்கள். இரண்டாம் பக்கத்தின் முதற்பாடலான 'ரெட் ஹில் மைனிங் ரவுண்', 1984-85இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னணியில் எழுதப்பட்டது. தனிப்பாடலாக வெளியிட எண்ணிக் காணொளியும் எடுத்த பின்னர் கைவிட்டார்கள். அதன் உச்சஸ்தாயியை மேடை ஒத்திகையில் பாடகர் போனோவால் எட்ட முடியாமற்போனது ஒரு காரணம். முப்பது ஆண்டுகளாக ஒரு மேடையிலும் பாடப்படாதிருந்த அந்தப் பாடலை, 2017இல் அல்பத்தை முழுமையாக வாசிக்கும் பயணம் தொடங்கியபோதுதான் முதன்முதலாகப் பாடினார்கள். மும்பையில் நான் கேட்டது கசெற்றில் இருந்த அந்த வீறிடல் அல்ல. திரையில் இரட்சணிய சேனை என்னும் கிறிஸ்தவ அமைப்பின் பித்தளை வாத்தியக்காரர்கள் நிற்க, தணிந்துபோன குரலில், வேலையிழந்த ஒருவன் வீட்டு முற்றத்தில் இருந்து கதைப்பதுபோல் அது வந்தது. இளமைக் குரலுக்கு ஏற்றிருந்த சுமையை இறக்கி வைத்த பிறகுதான் அந்தப் பாட்டு தன் பொருளுக்கு வந்து சேர்ந்தது என்பது என் எண்ணம்.

இனி அந்த வரிசையைப் பற்றி. அதை முழுவதுமாகக் குழுவினர் அமைக்கவில்லை. ஒலிக்கலவையில் ஈடுபட்டிருந்த ஸ்ரீவ் லிலிவைற்றின் மனைவியான பாடகி கேர்ஸ்ரி மக்கோல், முதலிலும் கடைசியிலும் வரவேண்டியவை எவை என்று மட்டும் கேட்டறிந்துகொண்டு, மற்றவற்றைத் தன் விருப்பப்படி அடுக்கினார். ஆகவே கடைசிப் பாடல் கடைசியில் நிற்பது குழுவினர் தெரிந்தே எடுத்த முடிவு. அந்தப் பாடல் 'மதர்ஸ் ஒஃப் த டிஸப்பியர்ட்'. ஆர்ஜென்ரீனாவிலும் எல் சல்வடோரிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடியலைந்த தாய்மாரைப் பற்றியது. 1987இல் எனக்கு அதன் ஆங்கிலம் பிடிபடவில்லை. அது வந்ததும் நாடாவைத் திருப்பிப் போட்டு மறுபடி முதற்பாடலுக்குப் போய்விடுவேன். 1984இலேயே யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி, பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு, அரச அதிபரின் அலுவலகமான கச்சேரிக்கு ஊர்வலம் போயிருந்தது என்பது தெரிந்திருந்தும், கொழும்பில் இருந்த நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதன் பின்னான சில ஆண்டுகளில் தெற்கிலும் சிங்களத் தாய்மார் தம் பிள்ளைகள் எங்கே என்ற அதே கேள்வியுடன் தெருவுக்கு வந்தார்கள்.

2019 டிசம்பர் 15ஆம் திகதி இரவு அந்தப் பாடலை முழுமையாகக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நிறுத்துவதற்கு ஒரு பொத்தானும் என் கையில் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டு உட்கார்ந்த தாய்மாரின் போராட்டம் அன்றைக்கு ஆயிரம் நாள்களைக் கடந்திருந்தது. பாட்டு முடியும்வரை நான் எழுந்து நிற்கவில்லை, கைதட்டவும் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் எனக்கு உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இந்தப் பாடலை இப்போதும் கைப்பேசியில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்தான். ஆனால் 32 ஆண்டுகளாக அதை நான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன் என்பதை அந்த வரிசைதான் எனக்குக் காட்டியது.

பிறகு ஏ. ஆர். ரகுமான் தன் மகள்மாருடன் மேடைக்கு வந்து 'அஹிம்சா'வைப் பாடியதையும், அதில் திருக்குறள் ஒலித்ததையும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மகிழ்ச்சிதான், ஆனால் என் மனம் அப்போதும் பதினோராம் பாடலிலேயே நின்றுவிட்டிருந்தது.

அப்பாவுடன் போய் வாருங்கள். போவதற்கு முன் அந்தக் கசெற்றில் அவர் எந்தப் பாட்டைத் தாண்டித் தாண்டிப் போனார் என்று கேட்டு வையுங்கள். நிகழ்ச்சியில் அது வரும்போது மேடையைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள்.