ஆஸ்திரேலியாவில் அரசு மருத்துவமனைகள் இருக்கும்போது பழங்குடியினருக்குத் தனி மருத்துவ நிலையங்கள் எதற்கு?

மருந்து எங்கும் ஒன்றுதான்; மருத்துவமனை வாசலை மிதிக்கவே அஞ்சுவதற்கு அம்மக்களுக்குக் காரணம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் அரசு அதிகாரிகளும் கிறித்தவ மிஷன்களும் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். பிறந்த சில நாட்களிலேயே பறிகொடுத்த தாய்மாரும் உண்டு. (பிரதமர் கெவின் ரட் 2008இல்தான் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.) ஆகவே, குழந்தையின் எடை குறைந்திருப்பதாகச் செவிலியர் ஒரு வரி எழுதினாலும், குழந்தைகள் நலத்துறை வந்துவிடுமோ என்று தாய் பதறுவதில் வியப்பில்லை.

1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பழங்குடியினரே தொடங்கிய மருத்துவ நிலையம் வேறு வழி காட்டியது. இத்தகைய நிலையங்களில் நிர்வாகக் குழுவை அச்சமூகமே தேர்ந்தெடுக்கிறது. தெரிந்த முகமான சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார். பாட்டியும் சித்தியும் உடன் அமர்ந்து பேசலாம். குடும்பம் தடுமாறும்போது, பிள்ளையைப் பிரிக்கும் நிலை வருமுன்பே உதவி கிடைக்கிறது. சுவரில் பழங்குடி ஓவியம் மாட்டினால் போதும் என்று எண்ணும் மருத்துவமனைகள், அந்த இடம் பாதுகாப்பானதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அங்கே வரும் நோயாளிதான் என்பதை இன்னும் உணரவில்லை என்றே சொல்வேன்.