நீலகிரி பற்றி விக்கிப்பீடியாவில் எழுதினால் 'நடுநிலை இல்லை, சான்று நம்பகமில்லை' என்று நீக்குகிறார்கள். எப்படி எழுதினால் நிற்கும்?

கேள்வி கேட்டவர் கோத்தகிரிப் பக்கம். நீலகிரியில் வாழும் படகர் சமூகத்தின் வரலாறு பற்றி மூன்று பத்தி சேர்த்து, எட்கர் தர்ஸ்டனின் நூலைச் சான்றாகக் கொடுத்திருக்கிறார். இரண்டு முறை நீக்கப்பட்டது, இரண்டு முறையும் அவரே திரும்பப் போட்டிருக்கிறார். "அச்சில் வந்து நூறு வருடம் ஆன நூலே நம்பகமில்லை என்றால் வேறு எதுதான் சான்று?" என்பது அவருடைய ஆதங்கம்.

ஆதங்கம் நியாயமானது. ஆனால் ஒரு நூலை மொத்தமாக நம்பலாமா கூடாதா என்று கேட்டால் பதில் கிடைக்காது. நீங்கள் எழுதிய இந்த ஒரு வாக்கியத்தை அந்த நூல் தாங்குமா என்று கேட்டுப் பாருங்கள். நீக்கியவரும் பெரும்பாலும் அதைத்தான் கேட்டிருப்பார், விளக்கிச் சொல்லாமல் போயிருப்பார்.

தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூல், மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்து மக்களை இனம் பிரிக்க முடியும் என்று நம்பிய காலத்தில் எழுதப்பட்டது. தோற்றக் கதைகளில் பல, யாரோ சொல்லக் கேட்டவை, கடிதத்தில் வந்தவை. அவற்றைச் சரிபார்த்துப் பிரித்தெடுக்கும் முறை அதில் இல்லை. அதனால்தான் ஆங்கில விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்கள், பிரிட்டிஷ் ஆட்சிக்கால இனவரைவு நூல்களைச் சாதி, சமூக வரலாற்றுக்குச் சான்றாக ஏற்பதில்லை என்ற நிலைப்பாட்டைப் பல வருடங்களாகக் கடைப்பிடிக்கிறார்கள். தமிழிலும் இதையே சுட்டிக்காட்டி நீக்குபவர்கள் உண்டு. 'தர்ஸ்டன் இப்படிப் பதிவு செய்தார், அதைப் பிற்கால ஆய்வாளர் ஒருவர் இப்படி மதிப்பிட்டார்' என்று எழுதினால் அதே தர்ஸ்டன் நிற்பார். 'படகர்கள் இங்கிருந்து வந்தவர்கள்' என்று நேராக எழுதி அடியில் அவர் பெயரைப் போட்டால் நிற்கமாட்டார்.

நீலகிரி பற்றிய மற்ற பழைய நூல்களையும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். டபிள்யூ. பிரான்சிசின் 1908ஆம் ஆண்டு மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) சாலை, ரயில், மழை, தாலுகா எல்லை ஆகியவற்றுக்கு நல்ல சான்று. மக்களின் பூர்வீகத்துக்கு அதைக் கொண்டு வராதீர்கள். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1901–02இல் தோடரிடையே தங்கிக் களப்பணி செய்து 1906இல் நூல் வெளியிட்டார். அன்றைய பால்மனைச் சடங்குகளுக்கு, அதாவது தோடரின் புனிதப் பால்குடில்களில் நடந்த சடங்குகளுக்கு, அது இன்றும் ஆய்வாளர்கள் திறக்கும் நூல். ஆனால் அதை வைத்து 'தோடர்கள் அரைப்பீப்பாய் வடிவக் குடில்களில் வாழ்கிறார்கள்' என்று நிகழ்காலத்தில் எழுதிவிடுகிறார்கள். இன்று பெரும்பாலான மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) வீடுகள் செங்கல், கான்கிரீட் வீடுகள். பழைய வடிவம் கோயில்களில்தான் அதிகம் மிஞ்சியிருக்கிறது. நூல் சொன்னது தவறில்லை, வினைமுற்றின் காலம்தான் தவறு. மலை மக்கள் பற்றிய கட்டுரைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இது. வாழ்கிற ஒரு சமூகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறது என்பதால் இதைச் சின்னப் பிழை என்று விட மனம் வரவில்லை. மொழியியலாளர் எமனோ 1939இல் படக மொழியின் உயிரொலிகள் பற்றி எழுதிய கட்டுரையும் இப்படித்தான்: ஒலியியலுக்கு உறுதியான சான்று, படகர் எந்த நூற்றாண்டில் வந்தார்கள் என்பதற்குச் சான்றாகாது.

இரண்டு சான்றுகள் முரண்படுகின்றன என்று சண்டை வரும்போது, இரண்டும் ஒரே பொருளைத்தான் பேசுகின்றனவா என்று முதலில் பாருங்கள். மலை ரயில் 1899இல் திறந்தது என்று ஒருவரும் 1908 என்று மற்றொருவரும் மாற்றி மாற்றித் திருத்தினால் இரண்டு பேருமே சரி. மேட்டுப்பாளையம்–குன்னூர் 1899, ஊட்டி வரை 1908. தொட்டபெட்டாவின் உயரம் வேறு வகை. 2,637 மீட்டர் என்றும் 2,623 மீட்டர் என்றும் புழங்குகிறது. நடுவில் ஒரு எண்ணைப் போட்டுச் சமாதானம் செய்யக் கூடாது. நில அளவையை ஆதாரமாகக் கொண்ட சான்று எது என்று பார்த்து அதை உடற்பகுதியில் வைத்து, மற்றதை யார் சொல்வது என்ற குறிப்போடு அடிக்குறிப்பில் வையுங்கள்.

இனி நடுநிலை. இரண்டு பக்கத்துக்கும் சமமாக நான்கு நான்கு வரி ஒதுக்குவதை நடுநிலை என்று பலர் நினைக்கிறார்கள். பதிப்பிக்கப்பட்ட நல்ல சான்றுகளில் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அந்த அளவில் கட்டுரையிலும் கொடுப்பதுதான் விதி. படகர் விசயத்தில், மைசூர்ப் பகுதியிலிருந்து, பெரும்பாலும் 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிந்தைய காலத்தில் வந்து குடியேறினர் என்பது பால் ஹாக்கிங்ஸ் போன்ற மானிடவியலாளர்களின் கருத்து. தாங்கள் இம்மலையின் தொல்குடிகள் என்பது சமூகத்துக்குள் வலுவாக இருக்கும் கருத்து. பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையோடும் அது சேர்ந்து வருகிறது. இரண்டையும் யார் சொல்வது என்ற பெயரோடு எழுதுங்கள். முதலாவதை ஆய்வுலகின் கருத்தாகவும் இரண்டாவதைச் சமூக அமைப்புகளின் நிலைப்பாடாகவும் எழுதினால் யாரையும் சிறுமைப்படுத்தியதாகாது. சமூக மலர், சங்க வெளியீடு, கல்யாண மண்டபத் திறப்புவிழா மலர் ஆகியவை 'இந்தச் சமூகம் தன்னைப் பற்றி இப்படிச் சொல்கிறது' என்பதற்குத் தாராளமாகச் சான்றாகும், அதற்கு மேல் ஆகாது. இன்னொன்று: 'படக' என்ற சொல் வடக்கைக் குறிக்கிறது, எனவே வடக்கிலிருந்து வந்தவர்கள் என்று நீங்களே முடிவு கட்டி எழுதினால் அது சொந்த ஆய்வு, விக்கிப்பீடியாவில் அதற்கு இடமில்லை. அந்த 'எனவே'யை ஓர் ஆய்வாளர் அச்சில் சொல்லியிருந்தால் அவர் பெயரைப் போட்டு எழுதலாம்.

சொல் தேர்வில்தான் நடுநிலை அதிகம் உடைகிறது. 'ஜான் சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார்' என்ற வரி எத்தனை பக்கங்களில் இருக்கிறது! தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் எல்லோரும் இருந்த மலை அது. கி.பி. 1117ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டு நீலமலையையும் தோடரையும் குறிப்பிடுகிறது. 'கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்தார், கண்ணேரிமுக்கில் முகாம் பங்களா கட்டினார், பிறகு ஊட்டியில் கல் பங்களா கட்டினார்' என்று நடந்ததை எழுதினால் வாதாட ஒன்றும் இல்லை.

தமிழில் வேறு சில கண்ணிகளும் உண்டு. 'வந்தார்களாம்' என்ற ஓர் 'ஆம்' போதும், அந்தக் கூற்றை நீங்கள் நம்பவில்லை என்று காட்டிவிடும். 'சொன்னார்' என்ற இடத்தில் 'ஒப்புக்கொண்டார்', 'மழுப்பினார்', 'அம்பலப்படுத்தினார்' என்று எழுதினால் தீர்ப்பு எழுதியாயிற்று. கலெக்டருக்கு 'ஆர்' விகுதியும் வழிகாட்டிய மலைவாசிக்கு 'ஆன்' விகுதியும் போடும் பழைய நூல் வழக்கு இன்றும் கட்டுரைகளில் ஒட்டிக்கொண்டு வருகிறது. எல்லோருக்கும் ஒரே விகுதி போடுங்கள். 'மலைகளின் அரசி', 'மலைகளின் இளவரசி' இரண்டையும் சுற்றுலா விளம்பரத்தில் அந்தப் பட்டம் இருக்கிறது என்ற அளவில் ஒரு முறை குறிப்பிடலாம். பத்திக்குப் பத்தி வரக் கூடாது.

போலி நடுநிலைக்குப் பழனி மலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: கொடைக்கானல் வெப்பமானி ஆலை. 'பாதரச மாசு ஏற்பட்டதாகச் சிலர் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள்' என்று எழுதுவது பார்க்க நடுநிலைபோல் இருக்கும், உண்மையில் தவறு. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய பொருள் வியாபாரியிடம் விற்கப்பட்டதை நிறுவனமே ஏற்றுக்கொண்டது, 2001இல் ஆலை மூடப்பட்டது. இது சர்ச்சை இல்லாத செய்தி, நேராக எழுதலாம். தொழிலாளரின் உடல்நலக் கேடு பாதரசத்தால் வந்ததா என்பதில்தான் சர்ச்சை. தொழிலாளர்களும் ஆர்வலர்களும் ஆம் என்றார்கள், நிறுவனம் ஏற்கவில்லை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக உடன்பாடு ஏற்பட்டது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற தூய்மைப்படுத்தும் அளவு போதுமா என்பதும் சர்ச்சைதான். இங்கெல்லாம் யார் சொன்னது என்று பெயர் வேண்டும். நிறுவன அறிக்கையை அதன் ஒப்புதலுக்குச் சான்றாக வைக்கலாம், அதன் மறுப்பை மறுப்பு என்றே எழுத வேண்டும். ஆர்வலர் அறிக்கைக்கும் இதே அளவுகோல்தான்.

இப்போது நடைமுறை. மூன்றாம் முறை திரும்பப் போடாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரலாம். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் வரும். சாதி, சமூகக் குழுப் பக்கங்களில் அங்கே நிர்வாகிகளுக்குக் கூடுதல் அதிகாரமும் உண்டு. பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, நீக்கியவர் தொகுப்புச் சுருக்கத்தில் என்ன எழுதினார் என்று படியுங்கள். பிறகு உரையாடல் பக்கத்தில் புதிய தலைப்பிட்டு, மூன்று பத்தியையும் அல்ல, ஒரே ஒரு வாக்கியத்தை வையுங்கள். அதன் கீழே ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்க எண். அதற்கும் கீழே, அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் வாக்கியத்தைத் தாங்கும் இரண்டு வரியை அப்படியே. நீக்கியவரின் பயனர் பெயரை இணைத்து அழைத்து, நான்கு அலைக்குறிகளால் (~~~~) கையொப்பமிடுங்கள். 'நீங்கள் வெளியூர்க்காரர், எங்கள் மலையைப் பற்றி என்ன தெரியும்' என்ற வாதம் அங்கே செல்லாது, எதிரிலிருப்பவரின் காதையும் அடைத்துவிடும். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அந்த வாக்கியத்தை மட்டும் சேருங்கள். பதில் வந்து இழுபறி ஆனால், தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் இணைப்புக் கொடுத்து மூன்றாம் ஆளின் கருத்தைக் கேளுங்கள். கூப்பிடும் தொனியும் நடுநிலையாக இருக்கட்டும். நண்பர்களை வாட்ஸப்பில் திரட்டி வந்து ஆதரவு தெரிவிக்கச் செய்தால் புதுக்கணக்குகளின் கூட்டம் உடனே அடையாளம் தெரிந்துவிடும், நல்ல சான்றும் அதோடு அடிபட்டுப் போகும்.

சான்று இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி கிடையாது. நாளிதழ்களின் நீலகிரி மாவட்டப் பக்கச் செய்திகள் பல இணையத்தில் ஏறுவதே இல்லை. இதழ் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் போட்டால் போதும். இணைய இணைப்பு என்றால் அன்றே வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்து அந்த முகவரியையும் சேருங்கள். தங்கும் விடுதி, பயண நிறுவனத் தளங்களை நம்பவே வேண்டாம். அவற்றில் பல விக்கிப்பீடியாவிலிருந்தே நகலெடுத்தவை. சந்தேகம் வந்தால், அந்த வரி கட்டுரைக்குள் எந்தத் தேதியில் வந்தது என்று வரலாற்றில் பார்த்து, தளத்தில் வெளியான தேதியோடு ஒப்பிடுங்கள். கட்டுரை முந்தியது என்றால் அந்தச் சான்று வட்டமடித்து வந்தது. 'குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும், அதனால் மலைக்கு நீலகிரி என்று பெயர்' என்ற வரி இப்படித் தளம் தளமாகப் பரவுவது. பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சி நீலக்குறிஞ்சிக்கு உரியது. 2006, 2018இல் பூத்தது. குறிஞ்சிப் பேரினத்தின் மற்ற இனங்களுக்கு வேறு வேறு சுழற்சிகள்.

ஒரு குறை நிஜமாகவே இருக்கிறது. மலையில் பாட்டிமார் வாயில் இருக்கும் ஊர்ப்பெயர்க் கதை, விதைப்பு முறை, மூலிகை அறிவு எதுவும் அச்சில் இல்லாததால் உள்ளே வர முடியவில்லை. விக்கிப்பீடியாவில் நேரடியாக எழுதி இதைத் தீர்க்க முடியாது. பேச்சைப் பதிவு செய்து, சொன்னவரின் சம்மதத்தோடு, பதிப்பாசிரியர் பார்த்து வெளியிடும் ஓர் இதழில் கட்டுரையாக்குங்கள். பிறகு வேறொருவர் அதை மேற்கோள் காட்டட்டும், அல்லது நீங்களே உங்கள் தொடர்பைச் சொல்லி உரையாடல் பக்கத்தில் பரிந்துரையுங்கள். ஒளிப்படத்துக்கு இந்தத் தடை இல்லை. நீங்களே எடுத்த படத்தைக் கட்டற்ற உரிமத்தில் விக்கிமீடியா காமன்ஸ் என்ற படக் களஞ்சியத்தில் ஏற்றி, ஊர், தேதி குறிப்பிட்டுக் கட்டுரையில் சேர்க்கலாம்.

நூல் தேட ஊட்டியில் 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகமும், முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் இருக்கின்றன. பழைய விவரச்சுவடிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். படக மொழிக்கு ஹாக்கிங்சும் பிலோ-ரெய்ஷூரும் 1992இல் வெளியிட்ட படக–ஆங்கில அகராதியிலிருந்து தொடங்கலாம். உங்கள் மூன்று பத்தியில் மொழி பற்றிய வரிகள் இருந்தால் முதலில் அவற்றைத்தான் உரையாடல் பக்கத்தில் வைப்பேன். அவற்றுக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது.