பழைய சிஸ்டர் மடத்தை இடிக்காதீர்கள், சிமெண்டை மட்டும் நிறுத்துங்கள்

ராமேசுவரம் தீவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் தேவாலயப் பங்கில் நூறு வருடம் தாண்டிய கன்னியர் மடம் ஒன்று இருக்கிறது. சிஸ்டர்கள் புது வீட்டுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. கீழ்ச்சுவர் முழுக்க சிமெண்ட் பூசிப் பார்த்தோம், மறுபடி பொரிந்து கொட்டுகிறது. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்கிறார் கான்ட்ராக்டர். பங்குப் பேரவையில் பாதிப்பேருக்கு மனசில்லை. காப்பாற்ற முடியுமா? காப்பாற்றி என்ன செய்வது?"

முடியும். நீங்கள் அனுப்பிய படங்களில் சுவர் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேராக நிற்கிறது, கெட்டுப்போயிருப்பது பூச்சுதான். உங்கள் சுவர் முருகைக்கல், அதாவது பவளப்பாறை. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அதே கல்தான். 1964 டிசம்பர் புயலில் கூரை போன பிறகும் அறுபது வருடமாக உப்புக்காற்றில் நிற்கிறது. இந்தக் கல் நுண்துளை நிறைந்தது, தரையிலிருந்து ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியாகவே காய்ந்துவிடும், சிமெண்ட் பூசினால் வழி அடைபட்டு ஈரம் இன்னும் மேலே ஏறும், பூச்சுக்குப் பின்னால் உப்பு மணிமணியாகக் கட்டி அதைத் தள்ளிவிடும். அதனால் திரும்பத் திரும்ப சிமெண்ட் பூசுவது நோயையே மருந்தாகக் கொடுக்கிற வேலை.

சரி, செய்ய வேண்டியது என்ன என்றால், முதலில் கூரை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஏறிப் பார்த்து உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், ஓட்டைத் தாங்கும் பனைவாரைகள் சுவருக்குள் நுழையும் முனையில் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போனால் அந்த முனை மட்டும் செத்திருக்கிறது என்று அர்த்தம், முழு வாரையையும் கழற்ற வேண்டியதில்லை. பழைய வீடு பிரிக்கிற இடங்களில் வைரம் பாய்ந்த பனைவாரை கிடைக்கும், அதை இணைத்துக்கொள்ளலாம். ஓடுகளை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கடலோரத்தில் கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டையே பிளந்துவிடும், அந்தச் சுமையும் இந்தச் சுவருக்கு ஆகாது. விரிசல்கள் இருந்தால் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி தேதி எழுதி வையுங்கள், ஒரு மழைக்காலம் கழித்தும் உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், பயப்பட வேண்டாம்.

பூச்சு வேலையை தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டைக் கைச்சுத்தியும் உளியும் வைத்து மெதுவாகக் கொத்தி எடுக்க வேண்டும், மெஷின் கூடாது. வெளியே வந்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள், கழுவினால் திரும்ப உள்ளே போய்விடும். அப்புறம் சில மாதம் சுவரைச் சும்மா விடுங்கள், காயட்டும். பூச்சுக்கு நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறவைத்த தண்ணீர். கடல் மணல் வேண்டவே வேண்டாம், தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், கரித்தால் அதுவும் வேண்டாம், லாரித் தண்ணீர் செலவானாலும் பரவாயில்லை. செட்டிநாட்டுப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: 2001-லேயே பவளங்கள் வனஉயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்துவிட்டன, புதுக்கல் எடுப்பது குற்றம். உங்கள் வளாகத்திலேயே விழுந்து கிடக்கும் மதில் கல்லை எடுத்து அடுக்குங்கள், வெளியே விலைக்கு வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள்.

என்னவாக மாற்றுவது? மடத்தின் அமைப்பைப் பாருங்கள், வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், நீளத் தாழ்வாரம், ஒரு சாப்பாட்டுக் கூடம், சிற்றாலயம், நடுவில் கிணறு. மண்டபம் வேண்டுமானால் இந்தச் சுவர்களில் பாதியை எடுக்க வேண்டும், எடுத்தால் கூரை நிற்காது. மாறாக, படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு விடுதி, மாலை வகுப்பு, பனையோலைத் தொழில், மகளிர் குழு அலுவலகம், இதெல்லாம் ஒரு சுவரைக்கூடத் தொடாமல் உட்காரும். கடல்பாசி எடுக்கும் பெண்கள் கூடிப் பேச, கணக்கு வைக்க இடம் கொடுங்கள், ஆனால் பாசியையோ கருவாட்டையோ உள்ளே அடுக்காதீர்கள், அந்த உப்பு நேராகச் சுவருக்குத்தான் போகும். குளியலறை, கழிப்பறை எல்லாம் தனியாக, பழைய சுவரிலிருந்து சில அடி தள்ளி.

கனடாவின் கியூபெக் நகரத்துக்கு 1639-ல் வந்த அகுஸ்தினார் சபை சிஸ்டர்களின் மடத்தை, அந்தச் சபை ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. 2015-லிருந்து அங்கே தங்கும் அறைகளும் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இயங்குகின்றன. பழைய கோவாவில் சாந்தா மோனிகா மடத்தில் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. நம் ஊருக்கு அத்தனை பெரிது தேவையில்லை, ஆனால் கியூபெக்கில் செய்ததுபோல கட்டிடம் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் முடித்துவிடுங்கள். பட்டா சிஸ்டர்களின் சபை பெயரிலா, மறைமாவட்டத்தின் பெயரிலா? அது தெரியாமல் ஒரு ரூபாய்கூட வசூலிக்க வேண்டாம். சிற்றாலயத்தை வேறு வேலைக்கு எடுப்பதென்றால் ஆயரின் அனுமதி திருச்சபைச் சட்டப்படி கட்டாயம். என்னைக் கேட்டால் அதைச் செபத்துக்கே விட்டுவிடுங்கள். கடலுக்குப் பக்கம் என்பதால் கரையோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் வரும். இருக்கிற அளவுக்குள் பழுதுபார்ப்பது ஒன்று, புதிதாகக் கட்டுவது வேறு, இடித்துவிட்டால் அதே இடத்தில் மண்டபத்துக்கு அனுமதி கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

இந்த வாரமே ஒன்று செய்யலாம். அந்த மடத்தில் இருந்த வயதான சிஸ்டர்கள் யாராவது இருந்தால் கைப்பிடித்துக் கூட்டிவந்து அறை அறையாக நடக்கவிடுங்கள். எந்த மூலை ஒழுகும், மழைத்தண்ணீர் எந்த வாய்க்காலில் போனது, எந்தக் கதவு பிறகு அடைத்தது என்று அவர்கள் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அடைபட்ட அந்த வாய்க்கால் கிடைத்துவிட்டால் கீழ்ச்சுவர் ஈரத்தில் பெரும்பகுதி அதிலேயே குறையும்.