விழும் ரவை, பாயும் ரவை: துப்பாக்கிக் கேள்வி பதில்

(வானில் எறியும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடப் பயிற்சி கொடுத்தவன் நான். ரவை என்று நான் சொல்வது, ஷாட்கன் தோட்டாவுக்குள் நிறைய இருக்கும் சின்ன உருண்டைக் குண்டுகளை. கேளுங்கள்.)

கும்பகோணம்: ஐயா, டெக்சாஸில் இருக்கும் என் மகன் நண்பர்களோடு புறா வேட்டைக்குப் போனான். தலைமேல் ரவை மழை மாதிரி கொட்டியதாம். ஆபத்தா?

ஒரு வயலைச் சுற்றிப் பலர் நின்று மேலே சுட்டால், ரவை யார் தலையிலாவது விழத்தான் செய்யும் அம்மா. புறாவுக்குப் போடுவது இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லாத ரவை. கிளம்பும்போது நொடிக்கு 350 மீட்டருக்கு மேல் வேகம். விழும்போது சுமார் 25 மீட்டர்தான். தொப்பியில் படபடவென்று தட்டிவிட்டு உருண்டுவிடும். கண்ணில் பட்டால் மட்டும் கதை வேறு. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வயலில் இறங்கவே கூடாது.

நான் அஞ்சுவது தாழப் பறக்கும் புறாவுக்குத்தான். பறவையோடு சேர்த்துத் துப்பாக்கியைத் திருப்புகிறவனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரிவதில்லை. 2006 பிப்ரவரியில் அதே டெக்சாஸில், அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி காடை வேட்டையில் திரும்பிச் சுட்டபோது, கூட வந்த வழக்கறிஞரின் முகத்திலும் நெஞ்சிலும் ரவை பாய்ந்தது. ஒரு ரவை இதயத்தருகே போய், அவருக்கு லேசான மாரடைப்பே வந்தது. பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டும் சுடச் சொல்லுங்கள்.

மன்னார்குடி, இயற்பியல் ஆசிரியர்: மேலே போன வேகத்திலேயே கீழே வரும் என்றுதானே பாடம்?

காற்று இல்லாத இடத்துக்கான பாடம் சார் அது. நம் ஐப்பசி மழையைப் பாருங்கள். இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, காற்று இல்லாவிட்டால் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வந்து குடையைக் கிழிக்கும். உண்மையில் பெரிய துளிக்கே 9 மீட்டர்தான். காற்று தடுப்பதால் ரவைக்கும் அதே கதைதான்.

அதே ஆசிரியர்: கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டு, குண்டு விழுந்து ஆள் செத்ததாகச் செய்தி வருகிறதே?

அது ரைஃபிள், பிஸ்டல் குண்டு. கனமானது. சாய்வாகச் சுட்டால், குண்டின் முனை முன்னே இருக்கச் சுழன்றுகொண்டே வந்து இறங்கும், உயிரை எடுக்கும். ரவையிலும் பருமன் கூடினால் தூரம் கூடும். 2.8 மி.மீ. ரவை சுமார் 200 மீட்டர் போகும், 8 மி.மீ. ரவை 600 மீட்டர் வரை போகும். நாட்டுத் துப்பாக்கியில் போடும் பால்ரஸ் குண்டு இரும்பு என்பதால் கல்லில் பட்டுத் தெறிக்கவும் செய்யும். தாழச் சுட்டால் தண்ணீரில் பட்ட ரவையும் எகிறும். அதனால்தான் வானம், வானம் என்கிறேன்.

திருத்துறைப்பூண்டி: கொக்கு, மடையான் சுட லைசென்ஸ் எங்கே வாங்குவது?

எங்கும் கிடைக்காது. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பட்டுக்கோட்டை: ஏர்கன்னால் உள்ளான் சுடலாமா?

மேலே உள்ள பதில்தான். துப்பாக்கி மாறினாலும் சட்டம் மாறாது.

வேதாரண்யம்: கோடியக்கரைப் பக்கம் ஒரே ஒரு வாத்து?

மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், கூடாது. அதுவும் சரணாலயத்தை ஒட்டியா?

வடுவூர்: தாத்தா காலத்தில் ஏரியில் விழுந்த ரவை இன்னும் கெடுதல் செய்யுமா?

நல்ல கேள்வி. ஈயம் மக்காது. வாத்துக்கு இரை அரைக்கச் சின்னக் கற்கள் வேண்டும். சேற்றில் கல் பொறுக்கும்போது ரவையையும் விழுங்கிவிடும். அரைவைப் பையில் ஈயம் தேய்ந்து ரத்தத்தில் கலக்க, சிறகு தொங்கி, மெலிந்து சாகும். இதனால்தான் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா 1991-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 முதல் தடை. தாத்தாவின் பழைய தோட்டாக்கள் பரணில் கிடந்தால் பிரிக்காதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.