பிரிட்டனில் 8,000 பவுண்டு சேமிப்பை எங்கே வைப்பது: கேஷ் ஐசாவிலா, வட்டி தரும் கரண்ட் அக்கவுண்ட்டிலா?

கேட்டவருக்கு ஆண்டுச் சம்பளம் 34,000 பவுண்டு, கையில் சேமிப்பு 8,000 பவுண்டு. வங்கியில் கேஷ் ஐசா, அதாவது வட்டிக்கு வரியே இல்லாத சேமிப்புக் கணக்கு, திறக்கச் சொல்கிறார்கள். கூட வேலை செய்பவரோ 5 சதவீதம் வட்டி தரும் கரண்ட் அக்கவுண்ட்டே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

நான் லண்டனில் சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் இருக்கிறேன். இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: முதலில் வரியை மறந்துவிட்டு, கைக்கு எவ்வளவு வட்டி வரும் என்று பவுண்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

வரியில்லை என்றதும் நம் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஊரில் வைப்புத்தொகை வட்டிக்கு டிடிஎஸ் பிடித்துப் பழக்கப்பட்டவர்கள் நாம். இங்கேயும் 2016 வரை வங்கிகளே வட்டியில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தன. 1999-இல் ஐசா வந்ததிலிருந்து அதற்கு இருந்த மவுசுக்கு இதுவே பெரிய காரணம். 2016 ஏப்ரல் 6 முதல் கதை மாறிவிட்டது. 20 சதவீத வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு முதல் 1,000 பவுண்டு வட்டிக்கு எந்தக் கணக்கில் வைத்திருந்தாலும் வரி கிடையாது. 40 சதவீத வரி கட்டுபவருக்கு அந்தச் சலுகை 500 பவுண்டு. வருமானம் 1,25,140 பவுண்டைத் தாண்டியவருக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் 8,000 பவுண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 320 பவுண்டு வட்டி. 1,000 பவுண்டைத் தொட வேண்டுமானால் 25,000 பவுண்டு வைத்திருக்க வேண்டும். 34,000 பவுண்டு சம்பளத்தில் நீங்கள் 20 சதவீத வரி கட்டுபவர். ஆக, இன்றைய தேதியில் ஐசாவில் போட்டாலும் போடாவிட்டாலும் உங்கள் வட்டிக்கு வரி இல்லை.

சரி, நண்பர் சொல்லும் 5 சதவீதத்துக்கு வருவோம். நேஷன்வைட் நிறுவனத்தின் ஃப்ளெக்ஸ்டைரக்ட் கணக்கு இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது. 5 சதவீதம் உண்மைதான், ஆனால் முதல் 1,500 பவுண்டுக்கு மட்டும், முதல் 12 மாதங்களுக்கு மட்டும். மாதந்தோறும் 1,000 பவுண்டு உள்ளே வரவும் வேண்டும். அதிகபட்சம் கிடைப்பது ஆண்டுக்கு 75 பவுண்டு. மீதி 6,500 பவுண்டு அங்கே சும்மா கிடக்கும். மொத்தத் தொகைக்கும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் பெறுவது 1 சதவீதத்துக்கும் குறைவு! விளம்பரத்தில் இருக்கும் 5 சதவீதத்தைவிட ஐசாவின் 4 சதவீதம் நான்கு மடங்குக்கு மேல் கொடுக்கிறது. இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உங்கள் நண்பர் சொல்வதும் ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. 2012-இல் சான்டான்டர் வங்கி கொண்டுவந்த 123 கரண்ட் அக்கவுண்ட்டில் 20,000 பவுண்டு வரை 3 சதவீதம் கிடைத்தது. அப்போது சாதாரணச் சேமிப்புக் கணக்குகளின் வட்டி மிகவும் கீழே கிடந்தது. பிறகு 2016 ஜனவரியில் மாதக் கட்டணத்தை 2 பவுண்டிலிருந்து 5 பவுண்டாக ஏற்றினார்கள், நவம்பரில் வட்டியை 1.5 சதவீதமாகப் பாதியாக்கினார்கள். கரண்ட் அக்கவுண்ட் வட்டி என்பது வாடிக்கையாளரை இழுக்க வங்கி செய்யும் செலவு. ஆள் சேர்ந்ததும் அதைக் குறைப்பார்கள். சம்பளம் எப்படியும் அந்தக் கணக்குக்குத்தான் போகிறது என்றால் வரம்புத் தொகை வரை அங்கே வையுங்கள். அதற்கு மேல் ஒரு பவுண்டும் வேண்டாம்.

கரண்ட் அக்கவுண்ட்டோடு சேர்த்து மாதாமாதம் கட்டும் ரெகுலர் சேவர் கணக்கும் தருகிறார்கள். அதில் 7 சதவீதம் என்று பார்த்தால் மாதம் 300 கட்டி ஆண்டு முடிவில் 252 பவுண்டு வட்டி வரும் என்று நினைக்கத் தோன்றும். வருவது ஏறக்குறைய 136. கடைசியில் கட்டிய பணம் ஒரு மாதம்தான் உள்ளே இருந்தது அல்லவா? அப்படியும் அது நல்ல கணக்குதான், சம்பளத்திலிருந்து மிச்சம் பிடிப்பதற்கு.

அப்படியானால் ஐசா எதற்கு? அடுத்த ஐந்தாறு ஆண்டுகளை நினைத்துத்தான். 40 சதவீத வரி தொடங்கும் 50,270 பவுண்டு எல்லை 2021-லிருந்து அசையவில்லை, 2031 ஏப்ரல் வரை அசையாது என்று அரசு அறிவித்துவிட்டது. உங்கள் சம்பளம் ஏறும், ஓவர்டைம் வரும், சேமிப்பும் வளரும். எல்லை மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். பலருக்கும் தெரியாத இடம் ஒன்று இங்கே இருக்கிறது: எல்லையைத் தாண்டினீர்களா என்று பார்க்கும்போது வட்டியையும் வருமானத்தோடு கூட்டுவார்கள். சம்பளம் 49,800, வட்டி 600 என்றால் மொத்தம் 50,400. உடனே உங்கள் 1,000 பவுண்டுச் சலுகை 500 ஆகிவிடும். அதே 600 ஐசாவில் வந்திருந்தால் கணக்கிலேயே வராது. குழந்தை உதவித்தொகையைத் திரும்பப் பிடிக்கத் தொடங்கும் 60,000 பவுண்டு எல்லைக்கும் இதே விதிதான்.

வங்கிகள் வட்டி விவரத்தை நேராக பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்பிவிடுகின்றன. அவர்கள் உங்கள் டாக்ஸ் கோடை, அதாவது சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று காட்டும் குறியீட்டை, மாற்றி எங்களுக்கு அனுப்புவார்கள். "இந்த மாதம் ஏன் சம்பளம் குறைந்தது?" என்று பே ஸ்லிப்போடு வந்து நிற்பவர்களில் சிலருக்குக் காரணம் போன ஆண்டு வட்டிதான். அதோடு 2027 ஏப்ரலிலிருந்து சேமிப்பு வட்டி மீதான வரி 20, 40, 45 சதவீதத்திலிருந்து 22, 42, 47 ஆகிறது. அதே மாதத்திலிருந்து 65 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேஷ் ஐசாவில் ஆண்டுக்கு 20,000-க்குப் பதில் 12,000 பவுண்டுதான் போடலாம். ஓர் ஆண்டு பயன்படுத்தாத வரம்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. வீடு வாங்க முன்பணம் சேர்ப்பவர்கள் இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும், 50,000, 60,000 என்று சேர்ந்த பிறகு ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் ஐசாவுக்குள் கொண்டுபோக வழியில்லை.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் 1,500 பவுண்டைக் கரண்ட் அக்கவுண்ட்டில் விட்டுவிட்டு, 6,500 பவுண்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கேஷ் ஐசாவில் போடுவேன். ஆனால் உங்கள் வங்கி சொல்லும் ஐசாவிலேயே போட வேண்டும் என்பதில்லை, வெளியில் விசாரியுங்கள். சாதாரணச் சேமிப்புக் கணக்கைவிட ஐசா வட்டி கால் சதவீதம் குறைவு என்றால் ஆண்டுக்கு 16 பவுண்டுதான் வித்தியாசம், ஐசாவையே எடுங்கள். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் இந்த ஆண்டு சாதாரணக் கணக்கு போதும், வரியாண்டு முடியும் ஏப்ரல் 5-க்கு முன்னால் மறுபடி பாருங்கள். எடுத்த பணத்தை அதே வரியாண்டில் திரும்பப் போட அனுமதிக்கும் ஃப்ளெக்ஸிபிள் ஐசாவாகத் தேடுங்கள், எல்லா நிறுவனமும் அதைத் தருவதில்லை. வங்கி மாற்றும்போது மட்டும் பணத்தைக் கையில் எடுத்துவிடாதீர்கள். புது வங்கியின் டிரான்ஸ்ஃபர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் கேஷ் ஐசா 15 வேலை நாட்களுக்குள் வரிச்சலுகை கெடாமல் வந்து சேரும்.

துணைவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் கணக்கே வேறு. வேறு வருமானம் இல்லாதவருக்கு வரியில்லா வருமான வரம்பு 12,570, அதன் மேல் குறைந்த வருமானக்காரரின் வட்டிக்கான சலுகை 5,000, அதன் மேல் முன்பு சொன்ன 1,000 என்று ஆண்டுக்கு 18,570 பவுண்டு வட்டி வரை வரி இல்லை. அவர் பெயரில் வைக்கும் பணத்துக்கு ஐசாவே தேவைப்படாது, எங்கே வட்டி கூடுதலோ அங்கே போடுங்கள்.

ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டன் குடியிருப்பாளர் என்ற நிலை போனதும் ஐசாவில் புதிதாகப் பணம் போட முடியாது. இருப்பதை அப்படியே வைத்திருக்கலாம், இங்கே வரியும் வராது. ஆனால் இந்தியாவில் நீங்கள் முழுக் குடியிருப்பாளர் ஆன ஆண்டிலிருந்து உலகில் எங்கே வரும் வருமானத்துக்கும் அங்கே வரி உண்டு. ஐசா வட்டியும் அதில் அடங்கும், கணக்கு விவரத்தையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும்.