குன்றுகளும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் உள்ள நாட்டுப்புறத்தில் எளிய நடைக்கு எப்படி வழி தேர்ந்தெடுப்பது?

சமதளத்தில் ஒரு மணி நேரம் களைப்பில்லாமல் நடக்கக்கூடியவர்கள், மலையேறிப் பழக்கமில்லாதவர்கள், ஒரு நாள் நடைக்குப் போகும்போது 'ஈசி' என்று குறிப்பிட்டிருக்கும் பாதையை அப்படியே நம்பலாமா என்பதுதான் கேள்வி. அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். எழுதியவருக்கு எளிது, உங்களுக்கும் எளிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாதையின் மொத்த ஏற்றம் எவ்வளவு, காலடியில் எப்படிப்பட்ட நிலம், முடியாவிட்டால் நடுவில் எங்கே வெளியேறலாம் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். தூரத்தை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

ஏற்றத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான கணக்குகள் தப்புவது இங்கேதான். குன்றுப் பகுதியில் ஆளைக் களைப்பாக்குபவை அடுத்தடுத்து வரும் சிறு மேடுகள். புறப்படும் இடமும் முடியும் இடமும் ஒரே உயரத்தில் இருக்கும், பெயர் சொல்லும்படியான சிகரம் எதுவும் வழியில் இருக்காது. ஆனாலும் 40 மீட்டர் மேடுகள் ஐந்தைத் தாண்டினால் 200 மீட்டர் ஏறி 200 மீட்டர் இறங்கியிருப்பீர்கள். ஏறக்குறைய அறுபது மாடிக் கட்டடத்தின் படிகளை ஏறி இறங்கியதற்குச் சமம் அது. எனவே 'அதிகபட்ச உயரம்' என்ற எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஏற்றத்தையும் தனித்தனியாகக் கூட்டி வரும் மொத்த ஏற்றத்தைப் பாருங்கள்.

அந்த மொத்தமும் வரைபடத்துக்கு வரைபடம் மாறும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று வரையப்பட்டிருந்தால், 15 மீட்டர் மேடு இரண்டு கோடுகளுக்கு நடுவில் காணாமல் போய்விடலாம். கைபேசிச் செயலியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஜிபிஎஸ் காட்டும் உயரம் நின்ற இடத்திலேயே சில மீட்டர் ஏறி இறங்கும், அந்த நடுக்கத்தையும் சேர்த்துக் கூட்டினால் ஏற்றம் உள்ளதைவிட அதிகமாக வரும். ஒரே பாதைக்கு இரண்டு செயலிகள் 250 என்றும் 340 என்றும் சொன்னால் பெரிய எண்ணை வைத்துத் திட்டமிடுங்கள்.

சரிவு எவ்வளவு செங்குத்து என்பதைக் கோடுகளின் நெருக்கத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். 1:25,000 அளவுள்ள வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அதில் 10 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், பாதை நெடுகக் கோடுகள் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் சரிவு 10 சதவீதம் (100 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் உயரம்), 2 மில்லிமீட்டர் என்றால் 20 சதவீதம். 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு கோடு இருந்தாலும் இதே அளவுகள் அப்படியே பொருந்தும். இரண்டில் எது கையில் இருந்தாலும் ஒரு சிறிய ஸ்கேல் போதும். கோட்டு இடைவெளி எத்தனை மீட்டர் என்பது வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும், அதை மட்டும் முதலில் சரிபாருங்கள். எளிய நடைக்கு என் அளவு இது: பெரும்பகுதி 10 சதவீதத்துக்குள், 20 சதவீதச் சரிவு வந்தால் அது சில நூறு மீட்டருக்குள் முடிய வேண்டும், ஒரு நாளின் மொத்த ஏற்றம் 300 மீட்டரைத் தாண்டக் கூடாது.

நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதாவது 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். அவர் கணக்கு நல்ல உடற்திறன் உள்ளவர், ஓய்வில்லாமல், நல்ல பாதையில் நடப்பதற்கானது. பழக்கமில்லாதவர்கள் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம் உள்ள பாதைக்குத் தூரத்துக்கு 150 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், மணிக்குப் பத்து நிமிட ஓய்வு வீதம் இன்னொரு 30 நிமிடம். ஆக மொத்தம் மூன்றரை மணி நேரம். சாப்பாட்டு நேரம் இதில் சேரவில்லை.

இந்த விதியில் இறக்கத்துக்கு இடமில்லை. அமெரிக்கப் புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993இல் தந்த நடைவேகச் சூத்திரம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. மனிதர் மிக வேகமாக நடப்பது 5 சதவீத மென்மையான இறக்கத்தில், மணிக்கு சுமார் 6 கிலோமீட்டர். சமதளத்தில் 5. இறக்கம் 20 சதவீதமானால் வேகம் 3.5க்கு விழுந்துவிடும், 10 சதவீத ஏற்றத்திலும் ஏறக்குறைய அதே வேகம்தான். செங்குத்தான இறக்கத்தில் நேரம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதனால் வட்டப் பாதையில் எந்தத் திசையில் சுற்றுவது என்பது முக்கியமாகிறது. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் மென்சரிவு என்றால் செங்குத்துப் பக்கம் ஏறி, மென்சரிவில் இறங்குங்கள். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் வலிக்கு இதுதான் காரணம். களைத்த காலில் செங்குத்தாக இறங்கும்போதுதான் சறுக்கலும் அதிகம். இறக்கத்தில் அடியைச் சுருக்கி, முழங்காலைச் சற்று மடக்கி வையுங்கள். ஊன்றுகோல் வைத்திருந்தால் சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் இருக்கும் அளவு சரி, நீண்ட இறக்கத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆறு. ஆற்றோரப் பாதை என்றாலே தட்டை, எளிது என்று நினைப்பது இயல்பு. அகலமான பள்ளத்தாக்கில் அது உண்மைதான். ஆனால் ஆற்றை ஒட்டிய வெள்ளச் சமவெளியில் மழைக்குப் பிறகு பல நாள் ஈரம் வடியாது, சேற்றில் ஒரு கிலோமீட்டர் நடப்பது நல்ல தரையில் இரண்டு கிலோமீட்டர் நடக்கும் களைப்பைத் தரும். வரைபடத்தில் ஆற்றுக்குச் சில மீட்டர் மேலே, சரிவின் அடிவாரத்தை ஒட்டிப் போகும் இன்னொரு பாதை இருக்கிறதா என்று தேடுங்கள். பல பள்ளத்தாக்குகளில் பழைய ஆற்றுப் படிவு மேடை ஒன்று படிபோல நீண்டிருக்கும், தண்ணீர் தேங்காத, நடக்க இதமான தரை அது. பள்ளத்தாக்கு ஆங்கில 'வி' போல ஒடுங்கி, கோடுகள் இரு கரையிலும் ஆற்றை நெருக்கினால் அது எளிய நடைக்கான இடம் இல்லை. அங்கே பாதை ஆற்றோரத்தில் போக இடமின்றி மேலேறி, இறங்கி, மறுபடி மேலேறும்.

வளைவுகளில் கவனம் வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாக மோதிக் கரையை அடியில் அரிக்கிறது. மேலே புல் மூடிய விளிம்பு உறுதியாகத் தெரிந்தாலும் கீழே மண் இருக்காது. அங்கே விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நடங்கள், படம் எடுக்க ஓரத்துக்குப் போகாதீர்கள். உட்பக்கத்தில் மணலும் கூழாங்கல்லும் படிந்து ஆழம் குறைவாக இருக்கும், உட்கார்ந்து இளைப்பாற ஏற்ற இடம்.

பாலம் இல்லாமல் ஆற்றைக் கடக்க வேண்டிய பாதையை எளிய நடையின் பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. வேகமாகப் பாயும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை, மேற்பகுதியில் மழை பெய்தால் மாலையில் தொடை அளவுக்கு வரலாம், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே. தெளிந்த நீர் கலங்குவது, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவது, நீரோட்டத்தின் சத்தம் கனப்பது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் கரையை விட்டு மேலே ஏறுங்கள். புறப்படும் முன்பே பாலங்களை எல்லாம் வரைபடத்தில் குறித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரத்தையும் எழுதி வையுங்கள். பாதை ஒரு கரையில், ஊரும் சாலையும் மறுகரையில் என்று இருந்தால், வெளியேற உங்களுக்குள்ள ஒரே வழி அந்தப் பாலங்கள்தான்.

வழி கண்டுபிடிக்க ஆறு நல்ல துணை. அது இடப்பக்கம் இருக்கும்வரை சரி என்று தெரிந்துகொண்டு நடக்கலாம், வந்து சேரும் ஓடைகளை எண்ணி எங்கே இருக்கிறோம் என்று உறுதி செய்யலாம். சம உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் கூர்முனையாக மடங்கும், அந்த முனை நீர் வரும் திசையை, அதாவது மேட்டுப் பக்கத்தைக் காட்டும். முனை தாழ்வான பக்கம் நீட்டியிருந்தால் அது குன்றின் நீட்சி. இது ஒன்று பிடிபட்டால் வரைபடத்தில் பள்ளம் எது, மேடு எது என்ற குழப்பமே வராது.

வழி தவறுவது பெரும்பாலும் குன்றின் அகன்ற தட்டையான உச்சியில், பனிமூட்டத்தில். அப்படித் தவறியவர்கள் 'ஆற்றைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும்' என்று கண்ணில் பட்ட ஓடையில் இறங்கிவிடுவார்கள். ஒடுங்கிய ஓடைகளில் அருவியும் வழுக்குப் பாறையும் வரும், இறங்கிய இடத்தை மறுபடி ஏற முடியாமல் போகலாம். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்புவதுதான் சரி. பள்ளத்தாக்கில் கைபேசிச் சிக்னல் கிடைப்பது அரிது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்து, கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சிக்னலைத் தேடித்தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். ஜிபிஎஸ் அந்த நிலையிலும் பெரும்பாலான கைபேசிகளில் வேலை செய்யும்.

தெளிந்த, காற்று வீசாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும், காலையில் மூடுபனி அங்கேதான் நிற்கும். வெயில் ஏறினால் கலைந்துவிடும் என்பதால் அத்தகைய நாளில் முதலில் குன்றில் ஏறி, பிறகு ஆற்றோரம் இறங்குவது நல்ல வரிசை. மதியத்துக்குப் பின் இடிமழை வரும் பருவத்திலும் இதே வரிசைதான் பொருத்தம், உச்சியைக் காலையிலேயே முடித்துவிடலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவு என்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே முகட்டை விட்டு இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பள்ளத்தாக்கில் சூரியன் குன்றுக்குப் பின்னால் முன்கூட்டியே மறைந்துவிடும், ஆகவே அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடியும்படி கணக்குப் போடுங்கள்.

உடைமைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிப்பாகத்தில் நல்ல பிடிப்புள்ள ஷூ, முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடைவெளியோடு. அந்த இடைவெளி இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுத்துவிடும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் தரும், கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது. தோல் சூடாக உறுத்தும்போதே நின்று டேப் ஒட்டுங்கள். மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், மழை மேலாடை, டார்ச், விசில் போதும். நீளப் புல்லில் உண்ணி இருக்கும், முழுக்கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வேலி வாயில்களைத் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள். கன்றுடன் நிற்கும் பசுக்களுக்கும் கன்றுக்கும் நடுவில் புகாமல் சுற்றிப் போங்கள்.

குழுவாகப் போனால் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், மற்றவர்கள் நின்று ஓய்வெடுத்து அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள், ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு ஓய்வே கிடைக்காது. திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

நடை முடிந்ததும் ஆன நேரத்தைக் கணக்கிட்ட நேரத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். 210 நிமிடம் என்று போட்டது 252 ஆனால் உங்கள் பெருக்கல் எண் 1.2. அடுத்த பாதைக்குக் கணக்கிடும் நேரத்தை அதனால் பெருக்குங்கள். இரண்டு மூன்று நடைகளில் அந்த எண் ஓரளவு நிலைத்துவிடும், பிறகு எந்தப் பாதைக் குறிப்பைப் பார்த்தாலும் அது உங்களுக்கு எளிதா என்று புறப்படும் முன்பே சொல்லிவிடலாம்.