திரையில் தெரியும் எண்ணும் தொட்டியில் இருக்கும் நீரும்: தானியங்கிக் கட்டுப்பாடு குறித்த கேள்வி பதில்

கொங்கு வட்டாரச் சாயப்பட்டறைகளிலும் நூற்பாலைகளிலும் பாய்லர் அறைகளிலும் 26 ஆண்டுகளாக இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவுக் கருவிகள், கட்டுப்பாட்டுக் கருவிகள்) பணியில் இருக்கிறேன். தானியங்கிக் கட்டுப்பாடு, இயந்திரங்களைத் தொலைவிலிருந்து கண்காணித்தல் ஆகியவை குறித்து பலரும் கேட்டவற்றுக்கு, வேலையில் கைபட்டுத் தெரிந்துகொண்ட அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பல கேள்விகள், மெஷின்களை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.யின் புரோகிராமைக் குற்றம் சொல்லித் தொடங்கின. ஆனால் பழுது பெரும்பாலும் அதற்கு முன்னால் சென்சாரிலோ கேபிளிலோ, அதற்குப் பின்னால் வால்விலோ இருக்கிறது. அதனால் என் பதில்கள் அந்தப் பக்கமே அதிகம் சாயும்.

கேள்வி (பெருந்துறை, பராமரிப்புப் பொறியாளர்): ஐயா, எங்கள் கழிவுநீர் சேகரிப்புத் தொட்டியில் நீர்மட்டத்தை அளக்க அல்ட்ராசோனிக் லெவல் டிரான்ஸ்மிட்டர் பொருத்தியிருக்கிறோம். சென்ற வாரம் திரையில் 62 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தபோதே தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது. கருவியை மாற்றிவிடலாமா?

பதில்: கருவியை மாற்றுவதற்கு முன், தொட்டியின் மேற்பரப்பில் நுரை இருக்கிறதா என்று பாருங்கள். அல்ட்ராசோனிக் கருவி ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. சாயக் கழிவுநீரில் சோப்பு எண்ணெயும் வாஷிங் ரசாயனமும் சேர்வதால் திரளும் நுரை அந்த ஒலியைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்கிறது. எதிரொலி வராதபோது பல கருவிகள் கடைசியாகக் கிடைத்த அளவையே பிடித்துவைத்துக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் 62 சதவீதம் அப்படிப் பிடித்துவைக்கப்பட்ட பழைய எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் கருவியின் அமைப்பில், எதிரொலி இழந்தால் சிக்னல் 3.6 மில்லி ஆம்பியருக்கு இறங்கும்படியோ 21 மில்லி ஆம்பியரைத் தாண்டும்படியோ மாற்றுங்கள். மட்டத்தை மின்னோட்ட அளவாக அனுப்பும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் முறையில் காலித் தொட்டிக்கு 0 வைக்காமல் 4 வைத்திருப்பதே, வயர் அறுந்ததையும் தொட்டி காலியாக இருப்பதையும் பிரித்தறிவதற்காகத்தான். பி.எல்.சி.யும் 3.6-க்கோ அதற்குக் கீழேயோ வந்ததைப் பூஜ்ஜிய மட்டமாகக் கொள்ளாமல், சென்சார் பழுது என்று அறிவிக்க வேண்டும். அடுத்து, அடியில் திறந்த பி.வி.சி. குழாய் ஒன்றை, மேலே காற்று போக ஓட்டையிட்டு, தொட்டிக்குள் நிறுத்தி அதனுள் அளந்தால் நுரைத் தொல்லை குறையும். அழுத்தத்தால் அளக்கும் கருவியைத் தொட்டியின் அடியில் வைப்பதும் நல்ல வழிதான். 1 மீட்டர் நீருக்கு ஏறத்தாழ 98 மில்லிபார் என்ற கணக்கு நுரையால் மாறாது. ஆனால் அதன் முகத்தில் சேறு படியும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். எதைச் செய்தாலும், மேல் மட்டத்தில் தனியாக ஒரு மிதவை சுவிட்ச் வைத்து, அது பி.எல்.சி.யைக் கேட்காமலே நேரடியாக மோட்டாரை நிறுத்தும்படி வயரிங் செய்துவிடுங்கள்.

கேள்வி (திருப்பூர், சாயப்பட்டறை சூப்பர்வைசர்): 60 டிகிரியில் நிற்க வேண்டிய காட்டன் சாய மெஷினில் வெப்பம் 56-க்கும் 64-க்கும் இடையே ஊசலாடுகிறது. வெப்பம் விலகினால் கன்ட்ரோலர் எப்படி வினையாற்ற வேண்டும் என்று சொல்லும் பி.ஐ.டி. (புரபோர்ஷனல், இன்டக்ரல், டெரிவேட்டிவ்) எண்களை எத்தனை முறை மாற்றியும் அடங்கவில்லை. லாட்டுக்கு லாட்டு ஷேடு மாறி, ரீ-டையிங் செய்து நொந்துபோயிருக்கிறோம்.

பதில்: எண்களை மாற்றுவதை இன்றே நிறுத்துங்கள். கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு, நீராவி வால்வை ஒரே நிலையில் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். அப்போதும் வெப்பம் ஊசலாடினால், காரணம் நீராவி அழுத்தத்திலோ, நீராவி குளிர்ந்து ஆன நீரை வெளியேற்றும் ஸ்டீம் டிராப்பிலோ இருக்கிறது. டிராப் அடைத்துக்கொண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அந்த நீர் (கண்டன்சேட்) தேங்கினால் எந்த பி.ஐ.டி.யாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மேனுவலில் ஊசலாட்டம் நின்றுவிட்டால், வால்வின் அருகே ஒருவரை நிறுத்தி, சிக்னலை ஒவ்வொரு சதவீதமாக ஏற்றிப் பாருங்கள். மூன்று நான்கு படி வரை தண்டு அசையாமல் இருந்து, பிறகு திடீரென்று துள்ளினால் வால்வு இறுகியிருக்கிறது என்று பொருள். தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங்கை அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள், அல்லது காற்றுக் குழாயில் தண்ணீர் வந்து தண்டைச் சரியான நிலையில் நிறுத்தும் பொசிஷனரைக் கெடுத்திருக்கும். இறுகிய வால்வோடு இன்டக்ரலை மெதுவாக்கினால் ஊசலாட்டம் நிற்காது. அதன் காலம்தான் நீளும். எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களை அலையவிடுவது இதுதான்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு பட்டறையில் இதே புகாருக்கு இரண்டு நாள் செலவிட்ட பிறகு, சென்சாரை அது செருகப்பட்டிருக்கும் உலோகக் குழாயான பாக்கெட்டிலிருந்து உருவிப் பார்த்தேன். அதன் நுனி பாக்கெட்டின் அடியைத் தொடாமல் 2 சென்டிமீட்டர் மேலேயே நின்றிருந்தது. நடுவில் இருந்த காற்று வெப்பத்தைத் தாமதமாகக் கடத்த, கன்ட்ரோலர் எப்போதும் சற்று முந்தைய வெப்பத்துக்கே வினையாற்றிக்கொண்டிருந்தது. சரியான நீளத்தில் சென்சாரைப் போட்டு, வெப்பம் கடத்தும் பசையைத் தடவியதும் பழைய எண்களிலேயே மெஷின் அடங்கிவிட்டது.

இவையெல்லாம் சரியான பிறகுதான் டியூனிங், அதாவது பி.ஐ.டி. எண்களைச் சரிசெய்தல். சீக்லர், நிக்கல்ஸ் என்ற இருவர் 1942-இல் கொடுத்த முறை இன்றும் பாடமாக இருக்கிறது; ஆனால் அது வேகத்துக்காகச் சற்று மிகையேற்றத்தை (வெப்பம் குறித்த அளவைத் தாண்டிப் போவதை) அனுமதிக்கும். சாயத்துக்கு மிகையேற்றம் ஆகாது. அதில் வரும் புரபோர்ஷனல் மதிப்பில் பாதியிலிருந்து தொடங்கி, டெரிவேட்டிவைப் பூஜ்ஜியத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (கோவை, பேனல் தயாரிப்பாளர்): கருவிகள் தகவல் அனுப்பும் ஆர்.எஸ்.-485 கேபிளில் 22 எனர்ஜி மீட்டர்களை இணைத்தோம். கடைசி மூன்று மீட்டர்கள் பகலில் அடிக்கடி காணாமல் போகின்றன. புதிதாக வாங்கிய ஒரு மீட்டரோ வோல்டேஜை எப்போதும் பூஜ்ஜியம் என்றே காட்டுகிறது.

பதில்: இவை இரண்டு வேறு நோய்கள். முதலாவது கேபிள் சார்ந்தது. சாதாரணமாக ஒரு கேபிளில் 32 கருவிகளும் 1200 மீட்டர் தூரமும் தாங்கும் என்பதால் 22 என்ற எண்ணிக்கையில் தவறில்லை. ஆனால் கேபிள் ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் ஒரு பெட்டியில் இருந்து மூன்று கிளைகள் பிரிந்திருந்தால் அங்கேதான் சிக்கல். இரு முனைகளில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். பகலில் மட்டும் பழுது வருவதால், பகலில் ஓடும் டிரைவ்களின் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவிகளின்) மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் இந்தக் கேபிளும் போகிறதா என்று பாருங்கள். பிரித்து, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

இரண்டாவது, எண் வாசிப்பு சார்ந்தது. 1979-இல் வந்த, இந்த மீட்டர்களின் தகவல் மொழியான மோட்பஸ் 16 பிட் பதிவுகளில்தான் பேசும். தசம எண் இரண்டு பதிவுகளில் பிரிந்து வரும். எது முதலில் என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லை. 230.0 வோல்ட் என்பது ஒரு மீட்டரில் 17254, 0 என்று வரும். இன்னொன்றில் 0, 17254 என்று வரும். வரிசையை மாற்றிப் படித்தால் கிடைக்கும் எண் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், திரையில் 0.0 என்றே தெரியும். முதலில் இரு பதிவுகளையும் முழு எண்களாகப் படியுங்கள்; 17254-ஐ ஒட்டிய எண் எதில் வருகிறது என்று பார்த்தால் வரிசை தெரிந்துவிடும். கையேட்டில் 40001 என்று இருப்பது கேபிளில் 0-ஆம் முகவரி என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (தாராபுரம் பக்கம், நீரேற்று நிலையப் பொறுப்பாளர்): மொபைல் சிம் மூலம் 14 மோட்டார்களைப் பார்க்கிறோம். ஒரு மோட்டார் 'ஓடுகிறது' என்று பச்சையிலேயே இருந்தது; நேரில் போனால் காலையிலிருந்தே ஓடவில்லை. வீட்டிலிருந்தே மோட்டாரை இயக்கும் வசதியும் சேர்க்கலாமா?

பதில்: பச்சை விளக்கு எந்த நேரத்துச் செய்தி என்பதைத் திரை சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு நிலையமும் நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பட்டும். மூன்று முறை தவறினால் பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், சாம்பல் நிறமாகட்டும். 1999-இல் பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்கென உருவான எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி அனுப்பும் முறையில், கருவி முன்கூட்டியே ஓர் இறுதிச் செய்தியை நடுவரான சர்வரிடம் கொடுத்துவைக்கலாம். தொடர்பு அறுந்தால் சர்வர் அதைத் தானாக எல்லோருக்கும் அறிவிக்கும். மோடத்துக்குச் சிறிய பேட்டரி ஒன்று கொடுத்தால், மின்தடையின்போது 'கரண்ட் இல்லை' என்று சொல்லவாவது அதற்கு உயிர் இருக்கும். பழைய 2ஜி மோடமாக இருந்தால் ஜியோ சிம் வேலை செய்யாது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் காண்டாக்டர் இழுத்துப் பிடித்திருப்பதை மட்டும் வைத்து ஓடுகிறது என்று முடிவு செய்யாமல், கரண்டையும் டெலிவரி அழுத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாரின் கரண்ட் இறங்குவது அதில் தெரியும்.

வீட்டிலிருந்து இயக்குவது பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் ஆலையின் பம்ப் ஹவுஸில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கை மாற்றிக்கொண்டிருந்த ஃபிட்டர், தண்ணீர் குடிக்க எழுந்து வாசல் வரை போனார். அந்த நேரத்தில், தொலைவில் அலுவலகத்தில் இருந்தவர் தொட்டி மட்டம் குறைந்ததைப் பார்த்து மோட்டாரைத் தொலைபேசியிலேயே ஓட்டிவிட்டார். கப்ளிங்கின் ரப்பர் புஷ்கள் சுவரில் தெறித்தன. ஃபிட்டர் உட்கார்ந்திருந்த சாக்கில் ஸ்பேனர் வந்து விழுந்தது. ஒரு நிமிடம் முன்னால் நடந்திருந்தால் அவருடைய கைகள் அதில் இருந்திருக்கும். எனவே பேனலில் 'லோக்கல், ஆஃப், ரிமோட்' என்ற சுவிட்ச் இருக்க வேண்டும், ரிமோட்டில் இல்லாதபோது தொலைவிலிருந்து வரும் ஆணை வயரிங்கிலேயே துண்டிக்கப்பட வேண்டும், வேலை செய்பவர் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் அமைந்த பிறகு கேளுங்கள், நானே புரோகிராம் எழுத உதவுகிறேன்.

கேள்வி (ஈரோடு, பாய்லர் ஆபரேட்டர்): பாய்லரில் தண்ணீர் குறைந்தால் நிறுத்தும் வேலையை முழுக்க பி.எல்.சி.யிடம் விட்டுவிட்டு, பழைய மொப்ரே மிதவை சுவிட்சைக் கழற்றிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: கழற்ற விடாதீர்கள். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் ஒரு பெட்ரோல் தொட்டியின் மட்டமானி ஒரே இடத்தில் சிக்கி நின்றது. அதற்கு முந்தைய மூன்றரை மாதங்களில் அது 14 முறை அப்படிச் சிக்கியிருந்தது. காப்பாற்றியிருக்க வேண்டிய தனி சுவிட்சும் வேலை செய்யவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் பூட்டு பொருத்தப்படாமல் விடப்பட்டிருந்தது. பெட்ரோல் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. ஞாயிறு அதிகாலை என்பதால் உயிர் தப்பினார்கள். 40 பேருக்கு மேல் காயம்.

உங்கள் மொப்ரே சுவிட்சும் அப்படித் தனித்தே இருக்க வேண்டும். அதன் ரிலே நேரடியாக எரிபொருளை நிறுத்தட்டும், பி.எல்.சி.க்குத் தகவல் மட்டும் போகட்டும். விறகு பாய்லர் என்றால் இன்னும் கவனம் தேவை. ஃபேனை நிறுத்தினாலும் அடுப்பில் கிடக்கும் விறகு உடனே அணையாது என்பதால், எச்சரிக்கை மட்டத்தைச் சற்று மேலேயே வையுங்கள். தண்ணீர் வற்றிச் சூடேறிய பாய்லரில் பதற்றத்தில் ஃபீட் பம்பை ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. கண்ணாடிக் குழாயை ஷிப்டுக்கு ஒருமுறை ஊதிப் பார்ப்பதை எந்தத் திரை வந்த பிறகும் விடாதீர்கள்.

கேள்வி (கரூர், ஆலையைத் திரையில் கண்காணிக்கும் ஸ்காடா ஆபரேட்டர்): ஒரு ஷிப்டில் அலாரம் நூற்றுக்கணக்கில் வருகிறது. எல்லாவற்றுக்கும் 'பார்த்தேன்' என்று பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறோம்.

பதில்: இது உங்கள் தவறு இல்லை, வடிவமைப்பின் தவறு. 1994 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில், வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடத்துக்குள் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்தன. ஓர் ஆபரேட்டருக்கு 10 நிமிடத்துக்கு ஒன்று என்பதே ஏற்கத்தக்க சராசரி. ஒரு வாரப் பட்டியலை அச்செடுத்து, அதிகம் வந்த பத்தை மட்டும் எடுங்கள். 'இது வந்தால் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும்' என்பதற்குப் பதில் இல்லாத எதையும் அலாரத்திலிருந்து நீக்கிப் பதிவேட்டுக்கு அனுப்புங்கள்.

கேள்வி (சேலம், ஆலை உரிமையாளர்): பி.எல்.சி. தந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கும்படி கணினியைத் திறந்தே வைத்திருக்கிறோம். ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். வேலை இருக்கும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் ரௌட்டரின் வயரைக் கழற்றிவிடுங்கள். பி.எல்.சி.யில் சாவி இருந்தால் அது 'ரன்' நிலையில் இருக்கட்டும். 2017-இல் சவுதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில் பாதுகாப்புக் கன்ட்ரோலருக்குள்ளேயே தீங்கு நிரல் புகுந்தது. அதன் சாவி 'புரோகிராம்' நிலையில் விடப்பட்டிருந்தது அதற்கு வழிவிட்டது.

கேள்வி (நாமக்கல், டிப்ளமோ மாணவர்): ஐயா, அடுத்த மாதம் ஓர் ஆலையில் பயிற்சிக்குச் சேர்கிறேன். எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: தம்பி, பொறியாளரிடம் அனுமதி கேட்டு, நின்றிருக்கும் ஒரு மெஷினின் ஒரே ஒரு லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ், டெர்மினல், இன்புட் கார்டு, திரை என்று வயரைக் கையால் தொட்டுத் தொடர்ந்து போய், வழியை நோட்டில் வரையுங்கள். பிறகு கேலிபரேட்டரால் 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் கொடுத்து, திரை 0, 25, 50, 75, 100 சதவீதம் காட்டுகிறதா என்று ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக வயரைக் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள். அது 'சென்சார் பழுது' என்று சொல்லாமல் 0 சதவீதம் என்று காட்டினால், அந்த ஆலையில் உங்கள் முதல் வேலை அங்கேயே காத்திருக்கிறது.